ஞாயிறு கடை: பூட்டுவதா, பூசைக்குப் பிறகு திறப்பதா, ஆளை நிறுத்துவதா?

இலங்கையின் வன்னியில், விசுவமடுப் பக்கம் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மீள்குடியேறி வந்த புதிதில் நாலு தடியும் தகரமுமாகத் தொடங்கியது, இப்போது சட்டர் போட்ட இரண்டு அறை. அக்கம்பக்கத்து ஊர்களில் புதிதாகக் கடை போடுகிற நம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், என்னைக் கண்டால் ஏஜென்டைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ கேட்பது குறைவு. "அண்ணை, ஞாயிறு என்ன செய்யிறீங்கள்?" என்றுதான் தொடங்குவார்கள்.

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் பேக்கரி போடுகிறார். இன்னொருவர் ஏ9 வீதியோரம் டயர் ஒட்டுகிற கடை. மூன்றாவது, வீட்டோடு துணிக்கடையும் தையலும் நடத்துகிற அக்கா. மூன்று பேருக்கும் மூன்று விதமாகச் சொன்னேன். பேக்கரிக்காரர் அதைக் கேள்விப்பட்டு, "அக்காவுக்குப் பூட்டச் சொல்லிவிட்டு எனக்கு மட்டும் திறக்கச் சொன்னீங்கள், என்னை அரைக் கிறிஸ்தவன் என்று நினைச்சீங்களோ?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கி, தேத்தண்ணி ஆறியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

மூன்று வழியிலும் நான் நடந்திருக்கிறேன். தொடக்கத்தில் பூசை முடிந்து திறந்தேன். கடையில் நிற்க ஆள் கிடைத்ததும் அவனை நிறுத்தினேன். 2022 இல் விலைவாசி தலைகீழானபோது திரும்பவும் நானே பூசை முடிந்த கையோடு திறந்தேன். இப்போது ஞாயிறு பூட்டுகிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது

ஐந்து விசயங்களைப் பார்க்கச் சொல்வேன். இவற்றில் இரண்டைத்தான் பெரும்பாலும் எல்லோரும் பார்க்கிறார்கள்: பூசை தவறுமா, காசு குறையுமா என்று.

வழிபாட்டு நேரம். கத்தோலிக்கருக்கு இதில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஞாயிறு பூசை காண வேண்டிய கடமையை ஞாயிறு அன்றோ முதல்நாள் சனி மாலைப் பூசையிலோ நிறைவேற்றலாம். ஆனால் வன்னியில் ஒரு பங்குத்தந்தை இரண்டு மூன்று கோவில்களுக்கு ஓடுகிறார். ஒரு ஊரில் விடிய ஆறு மணிக்கு, அடுத்த ஊரில் எட்டரைக்கு. சனி மாலைப் பூசை எல்லா இடத்திலும் இல்லை. மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைக்காரருக்கு ஆராதனை காலையில் முடிந்துவிடும். பெந்தெகோஸ்தே சபைகளில் ஒன்பதுக்குத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டு நேரமும் ஆகும். ஆகவே "பூசைக்குப் பிறகு திறப்பது" என்பது ஒருவருக்கு எட்டு மணி, இன்னொருவருக்குப் பின்னேரம் இரண்டு மணி.

ஓய்வு. இதைத்தான் நாங்கள் விட்டுவிடுகிறோம். அதே சட்டம் பூசையோடு நின்றுவிடவில்லை. வழிபாட்டையும், அந்த நாளுக்குரிய மகிழ்ச்சியையும், மனதும் உடம்பும் ஆறுவதையும் கெடுக்கிற வேலைகளை விடச் சொல்கிறது. பூசை கண்டால் கணக்கு முடிந்தது என்று நினைத்துத்தான் நான் பல வருடம் ஓடினேன்.

வேலையாள். பத்துக் கட்டளையில் ஓய்வுநாள் பற்றிய பகுதியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். நீ, உன் பிள்ளைகள் என்று சொல்லி நிற்காது. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன் வரை போகும். நாட்டுச் சட்டமும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நேரம் கிழமைக்கு 45 மணி. 28 மணி நேரமாவது வேலை செய்தவருக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் இருக்க வேண்டும்.

காசு. ஞாயிறு லாச்சியில் விழுகிற தொகையைப் பார்க்க வேண்டாம். பூட்டினால் உண்மையில் இல்லாமல் போவது எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஒன்றில்லை. கீழே கணக்கு வருகிறது.

ஊர். ஞாயிறு அன்று உங்கள் கடை இல்லாவிட்டால் யாருக்கு உண்மையிலேயே இடைஞ்சல்? மருந்துக் கடைக்கும் துணிக்கடைக்கும் இதில் ஒரே பதில் வராது. ஞாயிறு ஓய்வுக் கடமையிலிருந்து யாருக்கு விலக்கு என்பதற்குக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிற காரணங்களும் இரண்டுதான்: குடும்பத்தின் தேவை, ஊருக்குப் பெரிதும் பயன்படுகிற சேவை.

ஒரு சின்ன விலகல். இந்தத் தலைவலி எங்களுக்குப் புதிதில்லை. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறையே இல்லை. சனி ஞாயிறை எடுத்துவிட்டுப் பௌத்தருக்குரிய போயா நாளை வார விடுமுறையாக்கினார்கள். ஞாயிறு பள்ளிக்கூடமும் கந்தோரும் நடந்தன. அப்பா சொல்லுவார், விடியப் பூசை கண்டுவிட்டு அப்படியே புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போனோம் என்று. அந்தத் தலைமுறை விசுவாசம் கெட்டுப் போகவில்லை. ஞாயிறு திறந்தவரை உடனே பாவி ஆக்கிவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

## வழி ஒன்று: முழு நாளும் பூட்டுவது

கரையோரத்தில் இது பெரிய விசயமே இல்லை. கத்தோலிக்க மீனவ ஊர்களில் சனி இரவு வள்ளம் இறக்காமல் விடுவது வழக்கம். ஊரே கடலுக்குப் போகாதபோது யாருக்கும் நட்டமில்லை, யாரும் யாரையும் முந்துவதும் இல்லை. உள்ளூரில் நிலைமை வேறு. எங்கள் சந்தியில் ஏழு கடை, அதில் வேதக்காரர் இரண்டு பேர். நான் பூட்டினால் ஆறு கடை திறந்திருக்கும்.

இந்தப் பயம்தான் எல்லோரையும் பிடித்து வைத்திருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஞாயிறு விற்பனை 30,000 ரூபா என்று வையுங்கள். பலசரக்கில் நூற்றுக்குப் பத்து நின்றால் நல்ல யாவாரம், அப்படியானால் 3,000 ரூபா மிச்சம். பூட்டினால் இந்த 3,000 போய்விடும் என்றுதான் தோன்றும். ஆனால் அரிசி, சீனி, சவர்க்காரம், பருப்பு வாங்குகிறவர் கடை பூட்டு என்று தெரிந்தால் சனி பின்னேரமே வாங்கி வைப்பார், அல்லது திங்கள் வருவார். அப்படி 18,000 ரூபா யாவாரம் சனிக்கும் திங்களுக்கும் நகர்ந்தால், கைவிட்டுப் போவது 12,000 ரூபா யாவாரம்தான். அதில் மிச்சம் 1,200. கடையில் ஆள் நின்றால் அன்றைய சம்பளமே அதைவிடக் கூட வரும். என் கொப்பியில் நான் பார்த்ததும் கிட்டத்தட்ட இந்த மாதிரித்தான், பாதிக்கு மேல் சனியும் திங்களும் திரும்பி வந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாளைக்குத் தள்ளிப்போடக்கூடிய சாமானுக்குத்தான் இந்தக் கணக்கு. சீனியைத் தள்ளிப்போடலாம். பாணைத் தள்ளிப்போட முடியாது. ஞாயிறு காலை பாண் வாங்காதவர் திங்கள் இரட்டிப்பாக வாங்கப் போவதில்லை. ஐஸ் பழம், தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அப்படித்தான், ஞாயிறு போனது போனதுதான். பேக்கரிக்காரருக்கு நான் வேறு பதில் சொன்னதற்கு இதுதான் காரணம். அவருடைய விசுவாசத்தை நான் நிறுக்கவில்லை, அவருடைய பாணைத்தான் நிறுத்தேன்.

இனி, யாரும் சொல்லாத செலவுகள்.

முதலாவது சனி இரவு. ஞாயிறு பூட்டு என்று தெரிந்ததும் ஊர் முழுவதும் சனி பின்னேரம் வந்து நிற்கும். எட்டு மணிக்குப் பூட்டுகிற கடை பத்தரைக்குப் பூட்டும். அதற்குப் பிறகு கணக்குப் பார்த்து, மரக்கறியை ஒதுக்கி, படுக்கும்போது பன்னிரண்டு. அடுத்தநாள் பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் தலை சரியும். எனக்குத் தலை சரிந்த ஞாயிறுகளின் எண்ணிக்கை என் மனைவிக்குத்தான் தெரியும்.

இரண்டாவது திங்கள் காலை. கிழமைக் கடன் எடுத்தவர்களுக்கு இது விளங்கும். சிலருக்குத் திங்கள் பத்து மணிக்கே குழுக் கூட்டம், தவணையைக் கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். ஞாயிறு விழுகிற காசு இல்லையென்றால் சனி இரவே அதை எடுத்துத் தனியாக வைத்தாக வேண்டும். வைக்காமல் விட்டு, திங்கள் விடிய அயல் வீட்டில் கைமாற்றுக் கேட்கப் போனால் ஞாயிறு ஓய்வெடுத்ததன் பலன் அந்த ஒரு நடையிலேயே போய்விடும்.

மூன்றாவது பின்கதவு. வீட்டோடு கடை வைத்திருப்பவருக்கு இதுதான் பெரிய வில்லங்கம். சட்டர் பூட்டியிருக்கும். ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாமி, பனடோல் ஒரு கார்ட்" என்று கேட்கும். கொடுக்காமல் விட முடியுமா? கொடுத்தோம். பத்து மணிக்கு அரைக் கிலோ சீனி. பதினொன்றுக்கு, "விருந்தாளி வந்திட்டினம், ஒரு சோடா." மத்தியானத்துக்குள் கடை பின்கதவால் திறந்துவிடும், முன்கதவு மட்டும் வேதம் அனுசரித்துக்கொண்டிருக்கும். வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் இதேதான் நடக்கிறது. தீரு ஊர்க்காரர் ஓய்வுநாளில் எருசலேமில் மீன் விற்கிறார்கள். நெகேமியா நகர வாசலை அடைக்கிறார். யாவாரிகள் போகாமல் மதிலுக்கு வெளியே ஒன்றிரண்டு இரவு தங்கிப் பார்க்கிறார்கள். அவர் போய் அதட்டிய பிறகுதான் வருவதை நிறுத்துகிறார்கள். ஒன்றிரண்டு தடவை அந்தரப்பட்டால் பிறகு ஆட்கள் பழகிவிடுவார்கள். பனடோலுக்கு நாங்கள் கண்ட வழி, இரண்டு கார்டை அயல் வீட்டில் கொடுத்து வைத்துவிடுவது. காசை அவர்கள் வாங்கி வைப்பார்கள்.

இந்த வழி யாருக்குச் சரி: துணிக்கடை, தையல், காகிதாதிகள், இரும்புச் சாமான், தளபாடம், என்னைப் போன்ற பலசரக்கு. கடன் தவணை கழுத்தை நெரிக்காதவர். ஆள் இல்லாமல் கணவனும் மனைவியுமாகக் கடையை நடத்துகிறவர்களுக்கு நான் இதைத்தான் அழுத்திச் சொல்வேன். அவர்களுக்கு வேறு எந்த நாளும் விடுமுறை கிடையாது. துணிக்கடை அக்காவுக்கும் அதைத்தான் சொன்னேன்.

## வழி இரண்டு: பூசைக்குப் பிறகு திறப்பது

நம் ஆட்களில் அதிகம் பேர் செய்வது இதுதான். பூசையும் கண்டாயிற்று, கடையும் திறந்தாயிற்று. பார்க்க நடுநிலை மாதிரித் தோன்றும். எனக்கு மிகவும் களைப்புத் தந்தது இதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். பூசைக்குப் போனால் கோவிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன், கதவு கிட்ட. நன்மை (நற்கருணை) வாங்கியதும் அப்படியே வெளியே. இறுதி ஆசீர் என் முதுகுக்குத்தான் கிடைக்கும். மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது உள்ளே இன்னும் பாட்டு நடக்கும். பிள்ளைகளுக்குப் பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பு, அவர்களைக் கூட்டிவர ஆள் இல்லை, யாராவது சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விடுவார்கள். பங்குச் சுவாமியோடு நின்று இரண்டு வார்த்தை கதைத்ததில்லை. அன்பியக் கூட்டம் (அயல் வீட்டுக் கத்தோலிக்கர் கூடிச் செபிப்பது), யாருக்கும் நினைவுத் திருப்பலி, சாவீடு எதற்கும் நேரமில்லை. ஞாயிறு என்பது பூசை மட்டும் இல்லை, பூசை முடிந்து கோவில் வளவில் மரத்தடியில் நிற்கிற அரை மணித்தியாலமும்தான் என்பது எனக்கு விளங்க வருடங்கள் எடுத்தன.

பிறகு ஒரு போன் ரீலோட் விசயம். ஒரு ஞாயிறு பிரசங்கம் நடக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. "அண்ணை அவசரமா 100 ரூபா ரீலோட் போடுங்கோ, காசு பின்னேரம் தாறன்." சுவரோடு திரும்பி நின்று போட்டுவிட்டேன். 100 ரூபா ரீலோட்டில் எனக்கு நிற்கிறது சில்லறை. சுவாமி அன்று எந்த வாசகத்துக்குப் பிரசங்கம் வைத்தார் என்று வீட்டில் மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

இந்த வழியின் பெரிய செலவு, அதற்கு முடிவு நேரம் இல்லாமல் போவது. "பூசைக்குப் பிறகு" என்று தொடக்கம் மட்டும்தான் சொல்லியிருக்கிறோம், எப்போது பூட்டுவது என்று சொல்லவில்லை. பாதி நாள் என்று திறந்தது இரவு ஒன்பது வரை போகும். ஆகவே இதைத் தேர்ந்தெடுத்தால் பூட்டும் நேரத்தை முதலில் எழுதுங்கள், திறக்கும் நேரம் பிறகு. மத்தியானம் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான்.

ஆனாலும் சில தொழில்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பேக்கரிக்குச் சொன்னேன்: விடிய அடுப்புப் போட்டு ஏழு மணிக்குள் பாணை விற்று முடியுங்கள், எட்டரைப் பூசைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து திறக்காதீர்கள். அவருக்கு அது பூசைக்கு முன் திறப்பது. எந்தப் பக்கம் திறந்தாலும் அரை நாள் அரை நாளாக இருந்தால் சரி. மருந்துக் கடை, சாப்பாட்டுக் கடை, டயர் கடை எல்லாம் இந்த வகைதான். நடு வழியில் டயர் போன குடும்பத்துக்கு, "இன்று ஓய்வுநாள், நாளை வாருங்கள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

வன்னியில் இன்னொரு விதிவிலக்கையும் சேர்க்க வேண்டும், அறுவடை. பெரும்போக நெல் வெட்டுகிற தை, மாசி, பங்குனியில் வெட்டு மெசினுக்கு ஒரு பெல்ட் அறுந்து, வானமும் இருண்டு வந்தால், உதிரிப்பாகக் கடைக்காரர் திங்கள் வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. நெல் விழுந்தால் ஒரு குடும்பத்தின் வருடமே விழுந்துவிடும். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்காமல் விடுவீர்களா என்று இயேசு கேட்டது இதைத்தான். கான்ஸ்டன்டைன் பேரரசன் 321 ஆம் ஆண்டு ஞாயிறு ஓய்வை முதலில் சட்டமாக்கியபோதும் நகரத்தார் ஓய்வெடுக்க வேண்டும், உழவர் மட்டும் பயிர்வேலை பார்க்கலாம் என்றுதான் விட்டான். நல்ல வெயிலை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அறுவடை மூன்று மாதம். அதைச் சாட்டி ஆவணியிலும் திறக்கக் கூடாது.

## வழி மூன்று: ஆளை நிறுத்திவிட்டு நாங்கள் கோவிலுக்குப் போவது

கெட்டிக்காரத்தனமான வழி இதுதான் என்று ஒரு காலம் நினைத்தேன். கடை திறந்திருக்கும், காசு விழும், நானும் குடும்பமும் முன் வரிசையில் இருப்போம். எங்கள் கடையில் நின்ற பெடியன் நல்ல பெடியன், கணக்கில் ஒரு ரூபா பிசகாது.

அவனும் வேதக்காரன் என்பதைத்தான் நான் மறந்திருந்தேன். பெரிய வியாழன் அன்று அவனுடைய தாய் கடைக்கு வந்து சீனி வாங்கினா. காசைத் தந்துவிட்டு, கோபமாகவும் இல்லாமல் சிரிப்பாகவும் இல்லாமல், "உங்களுக்குப் பூசை பார்க்க என்ரை பிள்ளை பூசை விடுகிறான்" என்று சொன்னா. மிச்சக் காசை எண்ணிக் கொடுப்பதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

என் ஓய்வை இன்னொருவரிடம் கடனுக்கு வாங்கியிருந்தேன். கட்டளையில் வேலைக்காரன் என்று ஏன் தனியாக எழுதியிருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன். முதலாளி தான் பூட்டாமல் ஆளை வைத்துத் திறப்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த உபாயம் போல.

ஆனால் இந்த வழி முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கடையில் நிற்பவர் சைவப் பிள்ளையாக இருந்து, அவருக்கு வெள்ளிக்கிழமையோ தான் கேட்கிற வேறு நாளோ முழுதாக விடுமுறை கிடைத்தால் இதில் நியாயம் இருக்கிறது. அவர் வெள்ளி கோவிலுக்குப் போவார், அன்று நான் நிற்பேன். நான் ஞாயிறு போவேன், அவர் நிற்பார். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு அவருக்கு இரண்டு நாள், மடு மாதா திருவிழாவுக்கு எனக்கு இரண்டு நாள். முஸ்லிம் பிள்ளைக்கு வெள்ளி மத்தியானத் தொழுகையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறைந்த செலவு இதிலும் உண்டு. ஆளை நிரந்தரமாக வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் நூற்றுக்குப் 12, அவருடைய சம்பளத்தில் 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் இன்னும் 3. ஒருவரை மட்டும் வைத்திருக்கிறேன், எனக்கு இது பொருந்தாது என்று சின்னக் கடைக்காரர் பலர் நினைக்கிறார்கள். ஒருவர் என்றாலும் பொருந்தும். சேமலாப நிதி கட்டாமல் விட்டு, அந்தக் காசில் காணிக்கை போட்டால் உண்டியலுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்புறம், நீங்கள் கோவிலில் இருந்தாலும் கடை உங்கள் தலைக்குள் திறந்தேதான் இருக்கும். பால்மா விலை மாறியிருந்தால் போன் வரும். கடன் கொப்பியில் பெயர் இல்லாத ஒருவர் கடன் கேட்டால் போன் வரும். போனை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாதவர் இந்த வழியை எடுத்தும் பயனில்லை.

ஏ9 ஓரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. சனி ஞாயிறில்தான் தெற்கிலிருந்து பஸ்கள் வரும், முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் போகிற வாகனம் குறைவு. அங்கே ஞாயிறு பூட்டுவது கிழமையில் பாதியைப் பூட்டுவது மாதிரி. அவர்கள் ஆள் வைத்து, சுழற்சி முறையில், நியாயமாகச் செய்தால் போதும். டயர் கடைக்காரருக்கு, தம்பியும் அவரும் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மாறி மாறி நிற்கச் சொன்னேன்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| எதைப் பார்ப்பது | முழுதும் பூட்டுவது | பூசைக்குப் பிறகு | ஆளை நிறுத்துவது |
|---|---|---|---|
| வழிபாடு | தடையில்லை, சனி இரவு நித்திரை கெடாவிட்டால் | கிடைக்கும், அவசரத்தோடு | கிடைக்கும், போனை விட்டுவிட்டுப் போனால் |
| ஓய்வு | முழுதாக, பின்கதவையும் பூட்டினால் | பூட்டும் நேரம் எழுதாவிட்டால் இல்லை | உடம்புக்கு உண்டு, மனதுக்குச் சந்தேகம் |
| வேலையாள் | அவருக்கும் விடுமுறை | ஆள் நின்றால் அரை நாள் போகும் | வேறு நாள் கொடுக்காவிட்டால் அநியாயம் |
| காசு | தள்ளிப்போடக்கூடிய சாமானில் இழப்பு சிறிது | இழப்பு மிகக் குறைவு | சம்பளம், நிதிகள் கழித்துப் பார்க்க வேண்டும் |
| ஊர் | அவசரச் சாமானுக்கு இடைஞ்சல் | நல்லது | நல்லது |

சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்கிற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினருக்கு இந்த அட்டவணையில் ஞாயிறை அழித்துவிட்டு, வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி மறைவு வரை என்று எழுதிக்கொண்டால் சரி. அவர்களுக்கு ஒரு கூடுதல் கஷ்டம், சனி பின்னேரம் என்ற நல்ல யாவார நேரம் போய்விடும். ஒரு வசதியும் உண்டு, நாங்கள் பூட்டுகிற ஞாயிறு அவர்கள் திறந்திருப்பார்கள்.

## பக்கத்துக் கடையோடு பேசி வைப்பது

இது நாலாவது வழி என்று சொல்லுமளவுக்குப் பெரிதில்லை, ஆனால் எங்களுக்குப் பெரிய உதவி. பக்கத்துக் கடை அண்ணை சைவம். அவர் ஞாயிறு திறப்பார், வெள்ளி பின்னேரம் பூட்டுவார், கோவில் திருவிழா வந்தால் பத்து நாளும் கடைப் பக்கம் தலைகாட்டமாட்டார். நான் ஞாயிறு பூட்டத் தொடங்கியபோது அவரிடம் போய், "என்ரை ஆக்கள் ஞாயிறு உங்களிட்டை வருவினம், கடன் மட்டும் கொடுக்காதேங்கோ, அது என்ரை கொப்பியிலை இருக்கட்டும்" என்றேன். அவர் சிரித்தார். திருவிழாக் காலத்தில் அவருடைய ஆட்கள் என்னிடம் வருகிறார்கள், நானும் அவருடைய கடன்காரருக்குக் கடன் கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் கைமாறிவிடுவார் என்ற பயத்தின் பாதியை இந்த ஒரு பேச்சுத் தீர்த்துவிட்டது. கடன் கொப்பி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாடிக்கையும் இருக்கும்.

## தொடங்குவதானால் எப்போது

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒறுத்தலாகத் தொடங்கப் பலருக்கு விருப்பம். நான் வேண்டாம் என்பேன். அது அறுவடைக் காசு ஊரில் ஓடுகிற காலம், அதன் வாலில் சித்திரை வருடப்பிறப்பு யாவாரம். இரண்டும் கணக்கைக் குழப்பும். நத்தாருக்கு முந்திய மாதமும் அப்படித்தான். வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து, மடு ஆவணித் திருவிழாவுக்கு ஊர் கிளம்புவதற்கு முன் ஒரு மந்தமான இடைவெளி வரும். இடையில் மடுவின் ஆடித் திருவிழா வரும், ஆனாலும் பெரிய ஏற்ற இறக்கம் இருக்காது. அதில் ஆறு ஞாயிறு எடுத்துப் பாருங்கள். அதற்கு முந்திய ஆறு கிழமையின் கணக்கும் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை.

கொப்பியில் மூன்று நிரல் போதும்: சனி விற்பனை, ஞாயிறு விற்பனை, திங்கள் விற்பனை. மூன்றையும் கூட்டிப் பழைய ஆறு கிழமையோடு வைத்துப் பார்த்தால் உண்மையில் எவ்வளவு போனது என்று தெரியும். எங்கள் கொப்பியில் நாலாவதாக ஒரு நிரல் இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் வீட்டில் எத்தனை பேர் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம் என்று அதில் எழுதியிருக்கும். பழைய கிழமைகளில் 3, 2, 3, 3. பிறகு வரிசையாக 5. அந்த நிரலை நான் போடவில்லை, மனைவி கோடு கீறி வைத்தது.